ஏசி ரிப்பேருக்கு யாரைக் கூப்பிடுவது: கம்பெனியா, ஆப்பா, தெருமுனை மெக்கானிக்கா?

மார்ச் பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான்: "ஏசி ஓடுது, கூலிங் இல்ல, யாரைக் கூப்பிடட்டும்?" சென்னை மேடவாக்கத்தில் எங்கள் வீட்டில் இரண்டு ஏசி, பெசன்ட் நகரில் அக்கா வீட்டில் மூன்று, இந்த ஐந்தையும் பத்து வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்பதால் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்கிறார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டர், போனில் இருக்கும் ஆப், தெருமுனையில் ஷட்டர் கடை வைத்திருக்கும் மெக்கானிக், மூன்று வழியிலும் ஆள் கூப்பிட்டிருக்கிறேன். மூன்றிலும் நல்ல வேலை கிடைத்திருக்கிறது, மூன்றிலும் காசு வீணாகவும் போயிருக்கிறது. அதனால் "இவங்கதான் பெஸ்ட்" என்று ஒரே வரியில் சொல்ல மாட்டேன். எந்த வேலைக்கு யார் என்பதுதான் கேள்வி.

அதற்கு முன்னால் ஒரு அடிப்படை விஷயம். இது தெரியாமல் யாரைக் கூப்பிட்டாலும் நஷ்டம்தான். ஏசியில் இருக்கும் கேஸ், வண்டியில் பெட்ரோல் மாதிரி எரிந்து தீரும் பொருள் கிடையாது. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. கசிவு இல்லையென்றால் பத்து வருடமானாலும் குறையாது. அப்படியென்றால் "கேஸ் கம்மியா இருக்கு சார், டாப்-அப் பண்ணிடலாம்" என்று ஒருவர் சொன்னால் நீங்கள் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி ஒன்றே ஒன்று: எங்கே லீக்?

இரண்டு கோடைக்கு முன்னால் எங்கள் ஹால் ஏசிக்கு வந்தவரிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேஸ் ஏற்றினார், 3,200 ரூபாய் வாங்கினார், அறை ஜில்லென்று ஆனது. மூன்று வாரத்தில் பழைய கதை. அப்புறம் எங்கள் தெரு மெக்கானிக்கை அழைத்து வந்தேன். அவர் கேட்டது ஒரு சின்னக் கிண்ணமும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பும். நுரையை எடுத்து அவுட்டோர் யூனிட்டில் காப்பர் பைப் சேரும் இடத்தில் தடவிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அரை நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு பைப்பை யூனிட்டோடு இறுக்கும் ஃப்ளேர் நட்டின் அடியில் ஒரே ஒரு குமிழி, கடுகு அளவு, பெரிதாகி உடைந்தது, மறுபடி ஒன்று வந்தது. "பாருங்க சார், இங்கதான்" என்றார். பைப் முனையை வெட்டி, விரித்துப் புதிதாக ஃப்ளேர் போட்டு, வேக்குவம் வைத்து, கேஸ் நிரப்பிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இன்றுவரை அதில் கேஸ் ஏற்றவில்லை.

முதலில் வந்தவர் மேலே சொன்ன மூன்று வழியில் எந்த வழியாக வந்தார் என்பதைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் மூன்றிலும் இது நடக்கிறது. ஏன் நடக்கிறது என்பதில்தான் எனக்கு அக்கறை.

## எதை வைத்து ஒப்பிடுவது

எல்லோரும் விலையை வைத்து ஒப்பிடுகிறார்கள். சர்வீஸ் சார்ஜ் அங்கே 699, இங்கே 500 என்று. நான் முதலில் பார்ப்பது வேறு: வருகிற ஆளுக்கு வருமானம் எதிலிருந்து வருகிறது? பழுதைக் கண்டுபிடித்ததற்கா, பார்ட்ஸ் விற்றதற்கா, ஒரு நாளில் எத்தனை வீடு முடித்தார் என்பதற்கா? பார்ட்ஸ் விற்றால்தான் அவர் வீட்டில் அடுப்பெரியும் என்றால், பார்ட்ஸ் போகவில்லை என்று சொல்வதற்கு அவருக்கு அசாத்திய நேர்மை வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த நேர்மையை நம்பியே நாம் கதவைத் திறக்க முடியாது.

இரண்டாவது, வேலை சரியில்லை என்றால் நாளைக்கு யாரைப் பிடிப்பது. மூன்றாவது, உங்கள் மெஷினுக்கு வேண்டிய பார்ட்ஸ் அவர் கைக்குக் கிடைக்குமா. நான்காவது செலவு, ஆனால் ஒரு தடவைக்கு அல்ல, மூன்று வருடத்துக்குச் சேர்த்து. ஐந்தாவது, வீட்டில் பெரியவர்களோ தனியாக இருக்கும் பெண்களோ கதவைத் திறக்கும்போது, வருபவர் யார் என்ற பதிவு எங்காவது இருக்கிறதா.

## கம்பெனி சர்வீஸ் சென்டர்

வாரண்டி இருக்கும்வரை இதில் யோசிக்கவே வேண்டாம், கம்பெனிதான். வெளி ஆள் கை வைத்துவிட்டால் வாரண்டி கோருவது சிக்கலாகிவிடும். வாரண்டி அட்டையை மட்டும் ஒருமுறை பொறுமையாகப் படித்துப்பாருங்கள். "கம்ப்ரஸர் 10 வருடம்" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும். பல பிராண்டுகளில் அது கம்ப்ரஸர் என்ற பொருளுக்கு மட்டும்தான். கேஸ், கூலி, எடுத்துப்போய் வரும் செலவு எல்லாம் தனி. இலவசம் என்று நினைத்துக் கூப்பிட்டுவிட்டு, பில்லைப் பார்த்து வந்தவரிடம் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த விதியை அவர் எழுதவில்லை.

இன்வெர்ட்டர் ஏசியில் போர்டு போனாலும் கம்பெனிதான் முதல் வழி, ஏனென்றால் அந்த போர்டு மாடலுக்கு மாடல் மாறும், வெளிக்கடையில் புதிது எளிதில் கிடைக்காது. விலை மிரட்டும். அப்போது மட்டும் உள்ளூர் மெக்கானிக்கிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பழைய போர்டைக் கழற்றி ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் பக்கம் ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கிவரும் ஆட்கள் இருக்கிறார்கள். ஏழெட்டு வருடம் ஓடிய மெஷினுக்கு அது போதும்.

மறைந்திருக்கும் செலவு என்றால் முதலில் காத்திருப்பு. ஏப்ரல், மே மாதத்தில் புகார் பதிந்தால் மூன்று நாள், நான்கு நாள் ஆகும். அப்புறம் ஏஎம்சி, அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம். கம்பெனிச் சட்டை போட்டு வருபவர் பெரும்பாலும் கம்பெனி ஊழியர் கிடையாது, ஏஜென்சி எடுத்தவரிடம் வேலை செய்பவர். ஒப்பந்தம் போடச் சொல்லி அவருக்கு மேலிருந்து நெருக்கடி இருக்கும். கூலி மட்டும் அடங்கிய ஏஎம்சி என்றால், வருடத்துக்கு இரண்டு மூன்று சர்வீஸுக்கு முன்பணம் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான். பார்ட்ஸும் கேஸும் சேர்ந்த ஏஎம்சி எல்லோருக்கும் தேவையில்லை. அக்கா வீட்டுக்கு மட்டும் அதை எடுத்தேன். பெசன்ட் நகர் உப்புக்காற்று அவுட்டோர் யூனிட்டின் காயிலைத் தின்றுவிடுகிறது, விரலால் தொட்டால் அலுமினியத் தகடு பொடியாக உதிர்கிறது. அந்தக் காற்றில் காயில் லீக் வருவது வருமா வராதா என்ற கேள்வியே இல்லை, எப்போது என்பதுதான். மேடவாக்கத்தில் எங்களுக்கு அது வீண் செலவு.

இன்னொன்று, தயவுசெய்து கவனியுங்கள். கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடி, முதலில் வரும் நம்பருக்குப் போன் செய்யாதீர்கள். கம்பெனி பெயரிலேயே போலி சர்வீஸ் சென்டர்கள் நிறைய இருக்கின்றன. சிலர் போனில் ஏதோ ஒரு செயலியை இறக்கச் சொல்லி வங்கிக் கணக்கையே துடைத்துவிடுகிறார்கள். அப்படி நடந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். சரியான எண் வாரண்டி அட்டையிலும் கம்பெனியின் சொந்த இணையதளத்திலும் இருக்கும்.

## ஆப்

ஊருக்குப் புதிது, வாடகை வீடு, அக்கம்பக்கத்தில் யாரையும் தெரியாது என்றால் ஆப் நல்ல வழி. விலை முன்கூட்டியே தெரியும், சொன்ன நேரத்துக்கு வருவார்கள், வருபவரின் படமும் பெயரும் பதிவாகியிருக்கும். என் அம்மா தனியாக இருக்கும் நாட்களில் நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன். சாதாரண வாட்டர் சர்வீஸுக்கு, அதாவது ஃபில்டர், காயில், ப்ளோயரைத் தண்ணீர் அடித்துக் கழுவி, டிரெயின் பைப் அடைப்பை எடுப்பதற்கு, இது போதும்.

பழுது பார்ப்பது என்று வரும்போதுதான் எனக்குத் தயக்கம். ஒவ்வொரு முறையும் வேறு ஆள் வருவார். போன வருடம் யார் எதைக் கழற்றி மாட்டினார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவருடைய நாள் ஸ்லாட் ஸ்லாட்டாக வெட்டப்பட்டிருக்கிறது, அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது. அந்த அவசரத்தில் சோப்பு நுரை தடவிக் குமிழிக்குக் காத்திருப்பது யாருக்கும் கஷ்டம்தான்.

நீங்கள் கட்டும் தொகை முழுவதும் அவருக்குப் போவதில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். கமிஷன் கழியும், பெட்ரோல் அவருடையது, ஸ்டார் குறைந்தால் வேலை குறையும். 2014-ல் அர்பன்கிளாப் என்று தொடங்கி இன்று அர்பன் கம்பெனியாக இருக்கும் நிறுவனத்தின் குருகிராம் அலுவலக வாசலில், 2021 அக்டோபரில் அழகுக்கலை வேலை செய்யும் பெண்கள் திரண்டு போராடினார்கள். கமிஷன் அதிகம், கைக்கு மிஞ்சுவது குறைவு என்பதுதான் அவர்கள் குறை. தொழில் வேறு என்றாலும் ஏசி பார்க்க வருபவரின் கணக்கும் இதே மாதிரிதான். அதனால் வேலை நன்றாக இருந்தால் ஐந்து ஸ்டாரைக் கொடுக்கச் சோம்பல்படாதீர்கள். அது அவருடைய அடுத்த வாரச் சாப்பாடு.

ஒரு எச்சரிக்கை. "ஆப்ல கேன்சல் பண்ணிடுங்க சார், 200 குறைச்சுத் தரேன்" என்று வாசலில் ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலைக்கு அவர்கள் தரும் வாரண்டி, வந்தவர் யார் என்ற பதிவு, இரண்டும் அந்த 200 ரூபாயோடு போய்விடும்.

## தெருமுனை மெக்கானிக்

இவரைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல ஆள் கிடைத்தால் மூன்றிலும் இதுதான் சிறந்தது, மோசமான ஆள் கிடைத்தால் மூன்றிலும் இதுதான் மோசம். அந்த இரண்டில் எது உங்களுக்கு வாய்க்கும் என்பதில் நீங்கள் காசு கொடுக்கும் விதத்துக்கும் பங்கு இருக்கிறது.

எங்கள் மெக்கானிக் அண்ணன் ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்ன கணக்கு இது. சீசனில் ஒரு நாளைக்கு நான்கு வேலை, சராசரி 600 ரூபாய் என்றால் 2,400. உதவிக்கு வரும் பையனுக்கு 800, பெட்ரோல் 200, கடை வாடகை நாளுக்கு 200. மிச்சம் 1,200. நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் இந்த நான்கு வேலை மார்ச்சிலிருந்து ஜூன் வரைதான். மழை பிடித்துவிட்டால் ஒரு நாளைக்கு ஒரு வேலை வந்தால் அதிகம், சில நாள் அதுவும் இல்லை. பையனை நிறுத்திவிட்டால் அடுத்த சீசனுக்கு ஆள் கிடைக்காது, அதனால் வேலை இல்லாத மாதத்திலும் ஏதோ கொடுத்து வைத்திருக்கிறார். வேக்குவம் பம்ப், பிரஷர் கேஜ், நைட்ரஜன் சிலிண்டர், கேஸ் எடை போடும் மெஷின் எல்லாம் அவர் சொந்தக் காசில் வாங்கியவை. ஐடிஐ-யில் இரண்டு வருடம் இந்தத் தொழிலையே படித்துவிட்டு வந்தவர்.

இப்போது நம் பக்கம் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். 600 கேட்டால் 400 என்கிறோம். "பாத்ததுக்கு எதுக்குண்ணே காசு, ரிப்பேர் பண்ணினா குடுக்கறேன்" என்கிறோம். பழுதைக் கண்டுபிடித்ததற்கு ஒன்றும் கொடுக்காமல், பார்ட்ஸ் மாற்றினால் மட்டும் கொடுக்கிறோம். அப்படியென்றால் ஒயர் லூஸாக இருந்ததைக் கண்டுபிடித்து இறுக்கிவிட்டுப் போகும் நல்லவருக்குப் பூஜ்யம், கெபாசிட்டர் போயிடுச்சு என்று சொல்பவருக்கு ஆயிரம். பொய் சொல்வதற்கான கூலியை நாமே நிர்ணயம் செய்துவிட்டு, பிறகு "இந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியல" என்று புலம்புவது நியாயமில்லை.

அதனால் நான் செய்வது: போனிலேயே கேட்டுவிடுவேன், "அண்ணே, வந்து பார்க்க எவ்வளவு?" அவர் 300 என்றால் 300. ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாலும் அது உங்களுக்கு உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். இதைத் தொடங்கிய பிறகு "இப்ப தேவையில்ல சார், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

பேரம் பேசும்போது எது குறைகிறது என்பதும் தெரிய வேண்டும். அவர் நம் கண்ணுக்குத் தெரியும் எதையும் குறைக்க மாட்டார். கேஸ் நிரப்பும் முன் பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேக்குவம் பம்பை ஓடவிட வேண்டும், அதற்கு இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். லீக் டெஸ்டுக்கு நைட்ரஜன் ஏற்றிக் காத்திருக்க வேண்டும். குறைவது இவைதான். அன்றைக்கு அறை ஜில்லென்றுதான் இருக்கும், அடிபடுவது கம்ப்ரஸரின் ஆயுள். 400 ரூபாய் மிச்சம் பிடித்ததற்கான பில் பிற்பாடு ஆயிரக்கணக்கில் வரும்.

நல்ல ஆளை எப்படி அடையாளம் காண்பது? வந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காமல் கேள்வி கேட்பார்: எப்போதிலிருந்து, ராத்திரியிலா பகலிலா, தண்ணீர் சொட்டுகிறதா. பைப்பில் ஐஸ் கட்டியிருந்தால் உடனே கேஸ் என்று சொல்ல மாட்டார், முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பார், ஏனென்றால் தூசி அடைத்துக் காற்று போகாவிட்டாலும் ஐஸ் கட்டும். அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் பிளேட்டைப் படிப்பார். எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது அதில் அச்சாகியிருக்கும். ஆர்-410ஏ என்ற கேஸ் ஒரு கலவை, கசிந்த பிறகு மேலே கொஞ்சம் ஊற்றுவது முறை அல்ல, மிச்சத்தை எடுத்துவிட்டு எடை போட்டு முழுதாக நிரப்ப வேண்டும். இப்போது பெரும்பாலான புது ஏசிகளில் வரும் ஆர்-32 தீப்பிடிக்கக் கூடியது, அது உள்ளே இருக்கும்போது பைப்பில் நெருப்பு வைக்கக் கூடாது. இதையெல்லாம் கேட்டால் எரிச்சல்படாமல் சொல்கிறவர் நல்லவர். கழற்றிய பழைய பார்ட்ஸை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போவார்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பில்லில் ஜிஎஸ்டி இல்லை என்றால் ஆள் டுபாக்கூர் என்று நினைக்கிறார்கள். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமே இல்லை, பதிவு இல்லாதவர் உங்களிடம் அந்த வரியை வாங்கவும் கூடாது. கம்பெனி பில்லில் 18 சதவீதம் கூடுதலாக இருப்பதும் இவர் பில் குறைவாக இருப்பதும் பாதி இதனால்தான். ஆனால் பில் புத்தகத்தில் தேதி, வேலை, தொகை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம்தான். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கையில் ஒரு துண்டுக் காகிதமாவது இருக்க வேண்டும்.

இவரிடம் உள்ள குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் "இதோ வரேன்" என்பார், சாயங்காலம் வரை வர மாட்டார். ஊருக்குப் போய்விட்டால் மாற்று ஆள் இல்லை. இன்வெர்ட்டர் போர்டில் எல்லோருக்கும் கை ஓடாது. அப்புறம் என்னை உறுத்தும் விஷயம்: மூன்றாவது மாடி வெளிச்சுவரில் தொங்கும் அவுட்டோர் யூனிட்டை, ஒரு கையால் ஜன்னல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஸ்பேனர் போடுகிறார்கள். பெல்ட் இல்லை, விழுந்தால் கேட்க நாதி இல்லை. எங்கள் அபார்ட்மெண்டில் இப்போது பெல்ட்டும் கயிறும் வாங்கி வாட்ச்மேன் அறையில் வைத்திருக்கிறோம். அதைக் கட்டிக்கொள்ளாமல் யாரையும் வெளியே ஏறவிடுவதில்லை.

## எந்த நிலைமைக்கு யார்

| நிலைமை | யாரைக் கூப்பிடலாம் | கேட்டுக்கொள்ள வேண்டியது |
|---|---|---|
| வாரண்டிக்குள் எந்தப் பழுதும் | கம்பெனி | கேஸ், கூலி, வண்டிச் செலவு தனியா? |
| இன்வெர்ட்டர் போர்டு | கம்பெனி. பழைய மெஷின் என்றால் உள்ளூர் | புது போர்டா, ரிப்பேரா, எத்தனை மாத கேரண்டி? |
| வருடாந்திர வாட்டர் சர்வீஸ் | ஆப் அல்லது உள்ளூர் | அவுட்டோரும் சேர்த்தா? |
| கூலிங் இல்லை, காரணம் தெரியவில்லை | தெரிந்த உள்ளூர் மெக்கானிக் | பார்க்க மட்டும் எவ்வளவு? |
| கேஸ் லீக் | உள்ளூர்; கடலோரம், முழு ஏஎம்சி இருந்தால் கம்பெனி | லீக் எங்கே, வேக்குவம் உண்டா, எத்தனை கிராம்? |
| வீடு மாறும்போது கழற்றி மாட்ட | உள்ளூர், இரண்டு பேராக | பைப் அடி என்ன விலை, பெல்ட் இருக்கிறதா? |

இதில் நான்காவது வரிசைதான் பெரும்பாலானவர்களின் பிரச்சினை. தெரிந்த மெக்கானிக் இல்லையே என்றால், கோடையில் தேடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு சாதாரண சர்வீஸுக்குக் கூப்பிடுங்கள். அவருக்கும் நேரம் இருக்கும், உங்களுக்கும் அவசரம் இருக்காது, எப்படி வேலை செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்கலாம். கேட்ட தொகையைக் குறைக்காமல் கொடுங்கள். ஏப்ரலில் ஒரு நாள் இருபது போன் வரும்போது அவர் யாருக்கு முதலில் வருவார் என்பது அந்த மழைக்காலத்திலேயே முடிவாகிவிடும்.

பணத்தை வேலை முடிந்த அன்றே, அவர் பையைக் கட்டும்போதே கொடுத்துவிடுங்கள். "நாளைக்கு ஜிபே பண்றேன்" என்று சொல்லி, அவர் மூன்று முறை போன் செய்து, நான்காவது முறை கூச்சத்தில் விட்டுவிட்ட தொகைகள் எங்கள் மெக்கானிக்கின் சின்ன டைரியில் இரண்டு பக்கத்துக்கு இருக்கின்றன. காட்டினார். 450, 600, 300. எல்லாம் எங்கள் தெருவைச் சுற்றியுள்ள நல்ல நல்ல வீடுகள்.